லேப்டாப், ரவுட்டர், போன் ஓட வீட்டிலேயே சோலார் பெட்டி: பேட்டரி முதல் ஃப்யூஸ் வரை

கேள்வி: "ஒரு லேப்டாப், ஒரு ஃபைபர் ரவுட்டர், இரண்டு போன், ஒரு லைட். கரண்ட் போனால் ஒரு நாள் ஓடவேண்டும். கையில் தூக்கிப் போகிற மாதிரி சோலார் பெட்டியை வீட்டிலேயே செய்ய முடியுமா? எத்தனை வாட்ஸ் பேனல், எந்த பேட்டரி, எந்த இன்வெர்ட்டர்?"

முடியும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இன்வெர்ட்டர் வேண்டாம்.

நீங்கள் சொன்ன ஐந்து சாமானில் ஒன்றுக்குக்கூட 230 வோல்ட் தேவையில்லை. லேப்டாப்புக்கு 20 வோல்ட் டிசி, ரவுட்டருக்கு 12, போனுக்கு 5 அல்லது 9, லைட்டுக்கு 12. இன்வெர்ட்டர் வைத்தால் பேட்டரியின் 12 வோல்ட் டிசியை அது 230 வோல்ட் ஏசியாக ஏற்றும், சார்ஜர் அதையே மறுபடி டிசியாக இறக்கும். ஏற்றுவதில் 15 சதவீதம், இறக்குவதில் 12 சதவீதம் என்று போனால் நூற்றில் 75 தான் சாமானுக்கு வந்து சேரும். டிசியிலிருந்து டிசிக்கே மாற்றினால் 90க்கு மேல் கிடைக்கும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. சின்ன இன்வெர்ட்டர்கள் எதையும் மாட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 6 முதல் 10 வாட்ஸ் தின்னும். 8 வாட்ஸ் என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் 192 வாட்-அவர் (வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கியது). நாம் கட்டப்போகும் பேட்டரியில் சரியாகப் பாதி.

இப்போது கணக்கு. லேப்டாப் சார்ஜரில் 65 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் டைப் செய்வது, பிரவுஸ் செய்வது மாதிரி வேலைக்குச் சராசரி 35 வாட்ஸ்; 4 மணி நேரத்துக்கு 140. ரவுட்டர் 12 வாட்ஸ், 8 மணி நேரம், 96. இரண்டு போனுக்கும் ஒவ்வொரு முழு சார்ஜ், சேர்த்து 40. 7 வாட்ஸ் எல்இடி 5 மணி நேரம், 35. கூட்டினால் 311 வாட்-அவர். கன்வெர்ட்டர் நஷ்டம் 10 சதவீதம் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 345 எடுக்க வேண்டும். 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 384 வாட்-அவர். அதில் 90 சதவீதம் எடுத்தால் அதே 345. உங்கள் சாமான் வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை இதுதான்.

பேட்டரியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தவிர வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். கடைகளில் எல்எஃப்பி என்றோ, லைஃப்போ4 என்றோ கேளுங்கள். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி 84 வாட்-அவர். அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல், தூக்கிப் போகும் பேச்சுக்கே இடமில்லை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த 18650 செல்கள் மலிவு. ஆனால் அந்த ரசாயனம் ஓவர்சார்ஜ் ஆனாலோ ஷார்ட் ஆனாலோ தீப்பிடிப்பது எல்எஃப்பியைவிட மிகச் சுலபம். முதல் பெட்டிக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். எல்எஃப்பியில் ஒரு செல் 3.2 வோல்ட், நாலைத் தொடரில் போட்டால் 12.8. முழு சார்ஜ் உச்சம் 14.6 வோல்ட், செல்லுக்கு 3.65.

பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்து என்றால் பேட்டரியைத் துண்டிக்கும் சர்க்யூட்) உள்ளேயே வைத்த ரெடிமேட் பேக் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. செல்லாக வாங்கிக் கட்டுவதாக இருந்தால், முனையில் போல்ட் வைத்த 15 ஆம்பியர்-அவர் செல்கள் எட்டு: இரண்டிரண்டாகப் பேரலலில், அந்த நாலு ஜோடிகளும் சீரிஸில். ஸ்பாட் வெல்டிங் மிஷின் இல்லாதவர்கள் செல் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் கெடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்பாட் வெல்ட் செய்கிறவர்கள் நிக்கல் பட்டையைச் சோதித்துவிடுங்கள். ஒரு துண்டை அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் இரவு போட்டு வையுங்கள். காலையில் துரு பிடித்திருந்தால் அது நிக்கல் முலாம் பூசிய இரும்பு, ரெசிஸ்டன்ஸ் அதிகம், லோடு ஏறினால் சூடாகும்.

செல்களைக் கட்டுமுன் எல்லாவற்றையும் ஒரே சார்ஜ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பலர் மல்டிமீட்டரில் எல்லாம் 3.29 காட்டுகிறது, சமமாக இருக்கிறது என்று கட்டிவிடுவார்கள். எல்எஃப்பி வோல்டேஜ் நடுப்பகுதியில் தட்டையாக நிற்கும். 40 சதவீதத்தில் இருக்கும் செல்லும் 60 சதவீதத்தில் இருக்கும் செல்லும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். அப்படிக் கட்டினால், சார்ஜ் ஏறும்போது ஒரு செல் மட்டும் முந்திக்கொண்டு 3.65ஐத் தாண்டும், பிஎம்எஸ் பேக் முழுவதையும் நிறுத்திவிடும். மற்றவை பாதியில் நிற்கும். பிஎம்எஸ் தானே பேலன்ஸ் செய்யாதா என்றால், சாதாரண பிஎம்எஸ்ஸின் பேலன்ஸிங் கரண்ட் 50 மில்லி ஆம்பியர் அளவுதான். 1 ஆம்பியர்-அவர் வித்தியாசத்தைக் கரைக்கவே 20 மணி நேரம் உச்ச வோல்டேஜில் நிற்க வேண்டும். அதனால் எட்டு செல்லையும் ஒரே பேரலலில் கட்டி, வோல்டேஜ் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 3.60 வைத்து, கரண்ட் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்கும் வரை விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

பிஎம்எஸ் நாலு-செல் எல்எஃப்பிக்கு உரியது, 30 ஆம்பியர், காமன் போர்ட் (சார்ஜுக்கும் லோடுக்கும் ஒரே முனை). மெல்லிய பேலன்ஸ் வயர்கள் ஐந்து வரும். செல் பக்கம் எல்லாவற்றையும் கட்டிய பிறகு, சாக்கெட்டைப் பிஎம்எஸ்ஸில் சொருகும் முன், மீட்டரின் கருப்பு முனையைக் கடைக்கோடி நெகட்டிவில் வைத்துக்கொண்டு சிவப்பு முனையால் ஒவ்வொரு ஊசியாகத் தொட்டு வாருங்கள்: 0, 3.3, 6.6, 9.9, 13.2 என்று வரிசையாக ஏற வேண்டும். நடுவில் ஓர் எண் தாவினாலோ, மைனஸ் காட்டினாலோ வயர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே சொருகினால் பிஎம்எஸ் அந்த நொடியே போய்விடும். கையில் மோதிரம், வளையல், மெட்டல் வாட்ச் இருந்தால் கழற்றிவையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் இந்தச் செல்கள் ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். ஸ்பானர் இரண்டு முனையையும் தொட்டால் பற்ற வைத்துவிடும். ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது.

பேனல்: "12 வோல்ட் 100 வாட்ஸ்" என்று விற்பது. அதன் வேலை வோல்டேஜ் 18 அளவில், லோடு இல்லாமல் 22 அளவில், கரண்ட் ஐந்தரை ஆம்பியர். 100 வாட்ஸ் என்பது 25 டிகிரியில் ஆய்வகத்தில் அளந்தது. நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பேனல் செல்லின் சூடு 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வீதம் 40 டிகிரிக்கு 16 சதவீதம் அங்கேயே போய்விடும். தூசி, வயர், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜ் கண்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து உச்சி வேளையில் 65 முதல் 75 வாட்ஸ் வந்தால் அது நல்ல பேனல். கிட்டத்தட்ட 5 ஆம்பியர், 5 மணி நேரம் நல்ல வெயில், 25 ஆம்பியர்-அவர். பகலிலும் லேப்டாப் ஓடுமென்றால் இது பற்றாது, இன்னொரு 100 வாட்ஸைப் பேரலலில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு 8 முதல் 13.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும். சாய்வைவிட நிழலில் கவனம் வையுங்கள். 36 செல்லும் தொடரில் இருப்பதால் ஒரு செல்லின் மேல் டிவி கம்பத்தின் நிழல் விழுந்தாலும் பேனலின் பாதி அடங்கிவிடும். துணி காயப்போடும் மாடியில் இது தினசரிப் பிரச்சினை.

அடைமழை மேகத்தில் இதே பேனல் 10 முதல் 20 வாட்ஸ் தரும். நமக்குக் கரண்ட் நீளமாகப் போவது வடகிழக்குப் பருவமழையில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் அடிக்கிற நாளில் பேனல் உதவாது, பறந்து போகாமல் உள்ளே எடுத்து வைப்பதே உத்தமம். அது கைகொடுப்பது வானம் வெளுத்த பிறகு. அதனால் எச்சரிக்கை வந்தவுடனே பெட்டியை முழுக்க சார்ஜ் செய்து வைத்துவிட வேண்டும். எல்எஃப்பிக்கு உரிய 14.6 வோல்ட் 5 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் வீட்டுக் கரண்டிலேயே ஆறேழு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம்.

சார்ஜ் கண்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. முதலாவது பேனலைச் சுவிட்ச் மாதிரி நேராக பேட்டரியோடு இணைத்து வெட்டும்; இரண்டாவது பேனலின் கூடுதல் வோல்டேஜைக் கரண்ட்டாக மாற்றித் தரும். எம்பிபிடி வாங்கினால் 30 சதவீதம் கூடுதல் என்று கடையில் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது உண்மையாக இருக்கலாம். இங்கே சூட்டில் பேனலின் வேலை வோல்டேஜ் 18லிருந்து 15.5 பக்கம் இறங்கிவிடுகிறது, பேட்டரி 13.4ல் இருக்கிறது, எம்பிபிடிக்கு மிச்சம் பிடிக்க இருப்பதே 10, 15 சதவீதம்தான். ஒரு பேனலுக்கு நல்ல 20 ஆம்பியர் பிடபிள்யூஎம் போதும். எம்பிபிடி என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிடபிள்யூஎம்களும் சந்தையில் நிறைய. தூக்கிப் பாருங்கள்: உண்மையான எம்பிபிடியில் செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும், கனக்கும். சந்தேகம் இருந்தால், நன்றாக சார்ஜ் ஏறும் நேரத்தில் பேனல் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். இரண்டும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அது பிடபிள்யூஎம்.

செட்டிங்கில் லித்தியம் 12.8 இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, சார்ஜ் வோல்டேஜை 14.2 வையுங்கள். லித்தியம் மோடு இல்லாத மலிவு கண்ட்ரோலரில் ஜெல் மோடு பெரும்பாலும் 14.2ல் இருக்கும், மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஈக்வலைஸ் என்ற லெட்-ஆசிட் வேலை இருந்தால் அணைத்தே ஆக வேண்டும்.

14.6 உச்சம் என்றால் ஏன் 14.2? இதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, பெட்டி கட்டுகிறவர்களில் பலர் யோசிக்காதது. ஏதோ ஒரு செல் முந்திப் போய் பிஎம்எஸ் சார்ஜை வெட்டினால், கண்ட்ரோலரின் பார்வையில் பேட்டரி திடீரென்று காணாமல் போகிறது. வெயிலில் இருக்கும் பேனலின் 18, 20 வோல்ட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. மலிவு கண்ட்ரோலர் அதை அப்படியே பஸ்பாருக்கு (எல்லா வயரும் வந்து சேரும் உலோகப் பட்டைக்கு) விட்டுவிடும், அங்கே மாட்டியிருக்கும் ரவுட்டர் அவுட். பிஎம்எஸ் என்பது கடைசித் தற்காப்பு. கண்ட்ரோலர் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். 14.2ல் நிறுத்தினால் கொள்ளளவில் இழப்பது சொற்பம்.

இதே மாதிரி இன்னொரு பொறி நெகட்டிவ் வயரில். மலிவு பிடபிள்யூஎம் பெரும்பாலும் காமன் பாசிட்டிவ். அதாவது சுவிட்சிங் நெகட்டிவ் பக்கத்தில் நடக்கிறது. வயரிங் நேர்த்தியாக இருக்கட்டும் என்று பேனல் நெகட்டிவ், பேட்டரி நெகட்டிவ் இரண்டையும் ஒரே பஸ்பாரில் போட்டால் கண்ட்ரோலர் இருந்தும் இல்லாத கதைதான், பேனல் நேராக பேட்டரியில் பாயும். பேனலின் இரண்டு வயரும் கண்ட்ரோலருக்கு மட்டுமே போகட்டும்.

வயரிங் வரிசை: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், அதன் பின் ஒரு மெயின் சுவிட்ச், பிறகு பாசிட்டிவ் பஸ்பார். செல் நெகட்டிவ் பிஎம்எஸ்ஸின் B- முனைக்கு. பிஎம்எஸ்ஸின் மறுமுனை, P- என்று போட்ட அவுட்புட் மைனஸ், ஷன்ட் (கரண்ட்டை அளக்க உதவும் சிறு ரெசிஸ்டர்) வழியாக நெகட்டிவ் பஸ்பாருக்கு. கண்ட்ரோலரின் பேட்டரி வயர்களும் இந்தப் பஸ்பார்களிலிருந்தே. செல் நெகட்டிவில் நேராகத் தொட்டால் பிஎம்எஸ் பாதுகாப்பைத் தாண்டிவிட்டீர்கள். மெயின் வயர் 4 சதுர மில்லி, கிளைகள் 2.5. ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸ், 10 ஆம்பியர் போதும். வீட்டு ஏசி எம்சிபியை ஃப்யூஸுக்குப் பதிலாகப் போடாதீர்கள். டிசியின் ஆர்க்கை அணைக்க அது செய்யப்படவில்லை.

பேனல் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். மாடியிலிருந்து 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லி வயரில் ஐந்தரை ஆம்பியருக்கு 2 வோல்ட் காணாமல் போகும். சூட்டில் ஏற்கெனவே இளைத்த பேனலுக்கு இது தாங்காது. 4 சதுர மில்லி சோலார் வயரில் அரை வோல்ட்தான். ஸ்க்ரூ டெர்மினலில் சொருகும் வயர் நுனியில் ஈயம் வைக்காமல் லக் (உலோக முனை) மாட்டி அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் நாளாக நாளாக அமுங்கி, ஸ்க்ரூ லூசாகி, அந்த இடம் கருகும்.

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில் மாட்டி, அது விழித்த பிறகே பேனலை மாட்ட வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைக் கண்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

அவுட்புட்டில் லேப்டாப்புக்கு 12-24 வோல்ட் இன்புட் உள்ள 65 வாட்ஸ் யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) மாட்யூல். இரண்டு போர்ட் இருந்தால், இரண்டும் ஓடும்போது ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பல 45 வாட்ஸுக்கு இறங்கிவிடும். உங்கள் லேப்டாப்பின் யூஎஸ்பி-சி சார்ஜ் ஏற்குமா, வெறும் டேட்டாவா என்பதையும் முன்பே சோதியுங்கள். உருண்டை பின் வைத்த பழைய லேப்டாப் என்றால் 19.5 வோல்ட் பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும். டெல் பிளக்கின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும்; அதன் வழியாக லேப்டாப் சார்ஜரின் அடையாளத்தைக் கேட்கும். பதில் வராவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது.

ரவுட்டரை நேராக பேட்டரியில் மாட்ட ஆசை வரும், இரண்டும் 12 வோல்ட் தானே என்று. பேட்டரி 10லிருந்து 14.2 வரை ஆடும். மேலே போனால் ரவுட்டர் உள்ளே 16 வோல்ட் கெபாசிட்டர் திணறும், கீழே வந்தால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். வோல்டேஜை இறக்கவும் ஏற்றவும் தெரிந்த 12 வோல்ட் 3 ஆம்பியர் பக்-பூஸ்ட் மாட்யூல் ஒன்று போட்டு ரவுட்டரையும் எல்இடியையும் அதிலேயே ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 19 வாட்ஸ், அதாவது 1.6 ஆம்பியர், தாராளம். இந்த 10 முதல் 14.2 வோல்ட் வரையிலான இன்புட்டை மாட்யூல் ஏற்குமா என்று லேபிளில் பாருங்கள். இறக்க மட்டும் தெரிந்த வெறும் பக் வகை, பேட்டரி 12க்குக் கீழே வந்தால் கைவிட்டுவிடும். ரவுட்டர் பின்னில் நடு பாசிட்டிவா என்று அடாப்டர் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதற்கு வோல்ட்மீட்டரை நம்பாதீர்கள். ஓய்வில் 13.2 என்றால் ஏறத்தாழ 70 சதவீதம், 13.0 என்றால் 30, இந்த 0.2 வோல்ட்டுக்குள் பேட்டரியின் 40 சதவீதம் அடங்கிவிடுகிறது. ஷன்ட்டோடு வரும் ஆம்பியர்-அவர் மீட்டர்தான் உண்மை சொல்லும். கண்ட்ரோலரின் லோடு முனையில் சாமான் மாட்டுவதாக இருந்தால், லோடு வெட்டும் வோல்டேஜை 12.0ல் வையுங்கள். கண்ட்ரோலரில் இயல்பாக வரும் 10.7 லெட்-ஆசிட்டுக்கானது, எல்எஃப்பியில் அது கிட்டத்தட்ட வறண்ட நிலை.

பெட்டிக்குச் சாதாரண பிளாஸ்டிக் டூல்பாக்ஸ் போதும். பேட்டரி ஆடாமல் பட்டையால் கட்டி, கண்ட்ரோலரை வேறு பக்கச் சுவரில் ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டு மாட்டுங்கள். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை அவசியம், இல்லாவிட்டால் சூடு தேடி எறும்பும் பல்லியும் குடிவரும். பேனல்தான் வெயிலில் இருக்க வேண்டும், பெட்டி நிழலில். 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லில் சார்ஜ் ஏற்றுவது ஆயுளைக் குறைக்கும். விமானத்தில் இந்தப் பெட்டிக்கு இடமில்லை. அங்கே 100 வாட்-அவர் தாண்டினாலே அனுமதி கேட்க வேண்டும், 160க்கு மேல் கைப்பையில் கிடையாது.

எல்லாம் கட்டியதும் முழு சார்ஜ் செய்து, பேனலைக் கழற்றிவிட்டு, கார் ஹெட்லைட்டின் 55 வாட்ஸ் ஹாலஜன் பல்பை ஓடு அல்லது டைல்ஸ் மேல் வைத்து மாட்டுங்கள். நாலரை ஆம்பியர் சொச்சம் இழுக்கும். கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். எது சுடுகிறதோ அங்கே கிரிம்ப் சரியில்லை. பல்பு அணைய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். மீட்டரில் 27, 28 ஆம்பியர்-அவர் வந்தால் செல்கள் நல்லவை. 24க்குக் கீழே என்றால் உங்களுக்கு விற்றது பழையதோ, தரம் குறைந்ததோ. பில்லும் அளவின் போட்டோவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மழைக்காலம் முடிந்து பெட்டியை அலமாரியில் வைக்கும்போது 50, 60 சதவீதத்தில், மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். மீட்டரின் டிஸ்பிளேயும் யூஎஸ்பி மாட்யூலும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவது அதில் நின்றுவிடும். பிஎம்எஸ் மட்டும் கொஞ்சம் எடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வோல்டேஜ் பார்த்து, 13க்குக் கீழே இருந்தால் இரண்டு மணி நேரம் வெயிலில் ஏற்றினால் போதும்.